பூச்சியப் பாகைதான் பொல்லாதது

வாசகர் கேள்வி – பதில்

வழமையாக இந்தப் பக்கத்துக்கு ஒரு சட்டத்தரணியோ மருத்துவரோ அகப்படுவார். இந்த மாதம் ஆசிரியரின் கையில் ஓய்வுபெற்ற தபால்காரன் ஒருவன் அகப்பட்டிருக்கிறேன். 1993 முதல் 2021 வரை கனடாவின் ஸ்காபரோவில் வீடு வீடாகக் கடிதம் போட்டவன். வந்து சேர்ந்த குளிர்காலக் கேள்விகளில் பெரும்பாலானவை கால்களைப் பற்றியவை. அது நான் நடந்து படித்த பாடம். மூக்கு, தொண்டை, மூட்டுவலி பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம் மருத்துவர் வரும்வரை பொறுத்திருங்கள்.

ஐயா, செப்டெம்பரில் படிக்க வந்தேன். பஸ் தரிப்பில் இருபது நிமிடம் நின்றால் கால்விரல்கள் மரத்துப்போகின்றன. மூன்று சோடி சொக்ஸ் போட்டும் பயனில்லை. நான்காவதும் போடட்டுமா?
— மாணவி, ஸ்காபரோ

வேண்டாம் பிள்ளை. போட்டிருப்பதில் இரண்டைக் கழற்றுங்கள்.

சூடு சொக்ஸிலிருந்து வருவதில்லை, உங்கள் இரத்தத்திலிருந்து வருகிறது. சொக்ஸ் செய்வதெல்லாம் நூலிழைகளுக்கு நடுவே கொஞ்சம் காற்றை வைத்துக்கொண்டு அந்தச் சூட்டை வெளியே விடாமல் மறிப்பதுதான். ஒரு சொக்ஸுக்கு அளவெடுத்த சப்பாத்துக்குள் மூன்றைத் திணித்தால் காற்று நசுங்கிவிடும், இரத்தமும் விரல் நுனிவரை வராது. ஒரு பேஸ்மென்ட் அறையில் மூன்று குடும்பம் இருந்த காலத்தை உங்கள் மாமாமாரிடம் கேளுங்கள், நெருக்கம் என்றால் என்னவென்று விளக்குவார்கள். பூட்ஸுக்குள் ஐந்து விரலையும் தாராளமாக மடக்கி விரிக்க முடியவேண்டும். முடியாவிட்டால் அது எத்தனை டொலர் என்றாலும் குளிர்காலத்துக்கு உதவாது. கடைக்கு மாலையில் போங்கள். பகல் முழுவதும் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும், அளவு பொய் சொல்லாது. தடித்த சொக்ஸைக் கையோடு கொண்டுபோய் அதைப் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள்.

நீங்கள் போட்டிருப்பது பருத்தி என்று ஊகிக்கிறேன். ஊரிலிருந்து வரும் பெட்டிகளில் எல்லாமே பருத்திதான். ஈரத்தைக் குடித்தால் அது வெளியே விடாது. கம்பளி, அதிலும் மெரினோ ஆட்டு ரோமம், தன் எடையில் மூன்றிலொரு பங்களவு ஈரத்தை இழைக்குள் இழுத்த பிறகும் தோலுக்கு ஈரமாகத் தெரியாது. அளவான பூட்ஸ் வாங்கிய பிறகு, மெல்லிய ஒன்று, அதன்மேல் தடித்த கம்பளி ஒன்று. அதற்கு மேல் வேண்டியதில்லை.

பஸ் தரிப்புக்கு இன்னொரு குறையும் உண்டு. அங்கே யாரும் நடப்பதில்லை, நிற்கிறார்கள். ஓட்டப் பயிற்சிச் சப்பாத்தின் மெல்லிய அடியின் வழியாக உறைந்த சீமெந்துத் தரை உங்கள் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உள்ளே கம்பளித் தகடு ஒன்றை வெட்டிப் போடுங்கள். பெட்டி மட்டையொன்றை மடித்துப் பையில் வைத்திருந்து அதன்மேல் நின்றாலும் பலன் தெரியும். வண்டிக்காகக் காத்திருக்கும்போது விளம்பரத் துண்டுக் கட்டின்மேல் நான் ஏறி நின்றதுண்டு. என் பழைய மேலாளருக்குத் தமிழ் தெரியாது.

கடைசியாக, தொடைக்கு என்ன போடுகிறீர்கள்? வெறும் ஜீன்ஸ் என்றால் காலுக்கு மட்டும் செலவழித்துப் பயனில்லை. உடம்பு கஞ்சத்தனமான கணக்குப்பிள்ளை. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் சூடு குறைகிறது என்று கண்டால் விரல்களின் பங்கைத்தான் முதலில் வெட்டும். உள்ளே ஒரு தெர்மல் காற்சட்டை, தலைக்குத் தொப்பி. தலைமயிர் கலைந்தால் கலையட்டும்.

சென்னையிலிருந்து கோடையில் பிரம்டனுக்கு வந்தோம். −25 பாகை வரும் என்கிறார்கள். அந்த நாள்களில் வெளியே நடக்கவே முடியாதா?
— புதிதாகக் குடியேறிய தம்பதி

−25க்குப் பயப்படுங்கள், தவறில்லை. முகத்தையும் காதையும் மூடுங்கள், அதிக நேரம் நிற்காதீர்கள். ஆனால் காலைப் பொறுத்தவரை அது நேர்மையான எதிரி. அந்தக் குளிரில் பனி அரிசிமா மாதிரி உலர்ந்திருக்கும். உதறினால் உதிர்ந்துவிடும், பூட்ஸுக்குள் வராது. என் இருபத்தெட்டு வருடத்தில் கால்களை அழவைத்த நாள்கள் பூச்சியத்தை ஒட்டியவை. காலையில் பனி, பத்து மணிக்கு மழை, நடைபாதை முழுக்க உப்பு. வீதியோர மூலையில் சாம்பல் நிறத்தில் கூழ் தேங்கி நிற்கும். மேலே பார்த்தால் திடல், கால் வைத்தால் கணுக்கால்வரை குளம்.

அந்தக் கூழில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. உப்புக் கலந்த நீர் பூச்சியத்தில் உறையாது. −5இலும் நீராகவே கிடக்கும். உங்கள் தையலிடுக்கால் உள்ளே வருவது உருகும் பனிக்கட்டியைவிடக் குளிர்ந்த தண்ணீர். தண்ணீரோ காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளுக்குள் நின்ற சிப்பாய்களின் கால்கள் அழுகியதும் உறைகுளிரால் மட்டுமல்ல. உறையாத சேற்றுநீரில் நாள்கணக்கில் நின்றதாலும்தான். பிரித்தானிய இராணுவம் திமிங்கல எண்ணெய் தேய்க்கச் சொன்னது, சொக்ஸை ஒழுங்காக மாற்றச் சொன்னது. எண்ணெயை விடுங்கள், சொக்ஸ் மாற்றுவது இன்றைக்கும் பொருந்தும்.

நான் 1989 டிசம்பரில் கனடாவில் இறங்கியது கொழும்பு புறக்கோட்டையில் வாங்கிய கறுப்புத் தோல் சப்பாத்தோடு. கலியாண வீட்டுக்குப் போகும் பளபளப்பு. ஜனவரி முடிவதற்குள் உப்பு அதை வெள்ளைக்கோடு போட்டு வெடிக்கவைத்துவிட்டது. வினாகிரியில் தண்ணீர் கலந்து துணியால் துடைத்தால் அந்தக் கோடு போகும் என்று அப்போது சொல்ல ஆளில்லை.

வாங்குவதென்றால் அடிப்பாகம் முழுக்க ரப்பர், மேலே தோல் அல்லது நைலோன், உள்ளே கழற்றக்கூடிய கம்பளி உறை உள்ளதாக வாங்குங்கள். இங்கிருந்து ஒரு மணித்தியாலத் தூரத்திலுள்ள கிச்சனரில் காஃப்மன் என்ற ரப்பர் தொழிற்சாலை 1962இல் சோரெல் என்ற பெயரில் இந்த அமைப்பைப் பிரபலமாக்கியது. தொழிற்சாலை 2000இல் திவாலாகி, பெயரை அமெரிக்கக் கம்பனி ஒன்று வாங்கிக்கொண்டது. என் முதல் சோடி அந்தப் பழைய கிச்சனர்ச் சரக்கு, பழைய பொருள் கடையில் பன்னிரண்டு டொலர். பெட்டியில் அச்சடித்திருக்கும் −40, −30 கணக்கை நம்பிக் காசு கொடுக்காதீர்கள். எல்லாக் கம்பனிக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. நடந்துகொண்டிருப்பவருக்குப் பொருந்தும் எண் நிற்பவருக்குப் பொருந்தாது.

அண்ணா, வாகனத் தரிப்பிடங்களில் பனி தள்ளும் வேலை. ரப்பர் பூட்ஸில் ஓட்டை இல்லை, தண்ணீரில் அமுக்கிப் பார்த்துவிட்டேன். ஆனாலும் சொக்ஸ் நனைந்துவிடுகிறது. எங்கிருந்து வருகிறது தண்ணீர்?
— இரவு வேலைக்காரர், மார்க்கம்

உங்களிடமிருந்துதான் தம்பி. வெளித்தண்ணீரை உள்ளே விடாத ரப்பர், உள்தண்ணீரை மட்டும் வெளியே விடுமா? உள்ளங்காலில் வியர்வைச் சுரப்பிகள் மிக நெருக்கம். சவளால் பனி அள்ளும்போது காலும் வேலை செய்கிறது, வியர்க்கிறது. பிறகு தேநீருக்கு நிற்கிறீர்கள். அந்த வியர்வை குளிர்ந்து ஐஸ் தண்ணீராகிறது. அந்தப் பத்து நிமிடம்தான் விரலைக் கொல்வது.

வீட்டிலிருந்தே பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஹீற்றர் எரியும் காரில் வராதீர்கள். வேலை இடத்துக்கு வந்து மாற்றுங்கள். இரண்டு சோடி சொக்ஸ் கூடுதலாக வைத்திருங்கள். தேநீருக்கு முன் மாற்றுங்கள், பின் அல்ல. வெறுங்காலைத் துணியால் துடைத்து, விரலிடுக்குகளையும் துடைத்து, பிறகு உலர்ந்ததைப் போடுங்கள். மற்றவர்கள் சிரிப்பார்கள். என்னையும் சிரித்தார்கள், மூன்றாம் வாரம் அவர்களும் பை கொண்டுவந்தார்கள்.

பாண் பை வித்தையும் சொல்கிறேன். என் தபால் வழியில் வசித்த வயதான வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர், நான் ஈரக் காலோடு நொண்டுவதைப் பார்த்துவிட்டு, பாண் வந்த இரண்டு பிளாஸ்ரிக் பைகளைக் கொண்டுவந்து தந்தார். இங்கே ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அப்படித்தான் பள்ளிக்கூடம் போனார்களாம். வெளியிலிருந்து ஈரம் வரும் நாளில் தடித்த சொக்ஸின் மேல் பையைப் போடலாம். கடும் உலர்குளிரில் மெல்லிய சொக்ஸுக்கும் தடித்த சொக்ஸுக்கும் நடுவில் போட வேண்டும். அப்போது வியர்வை மெல்லியதோடு நின்றுவிடும், தடித்தது உலர்ந்தபடி இருக்கும். கால் பிசுபிசுக்கும், ஆனால் சூடாக இருக்கும். நாள் முழுக்கப் போடாதீர்கள். தோல் ஊறிப்போகும். அந்த அம்மாவுக்கு அதன்பிறகு கடிதம் இல்லாத நாளிலும் மணியடித்துக் கையசைத்துவிட்டுப் போவேன்.

அம்மாவுக்கு 72 வயது, நீரிழிவு. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகாமல் இருக்க மாட்டார். சப்பாத்துக் கழற்றும் இடத்தில் எல்லோருடைய பனியும் உருகித் தரை குளமாக இருக்கிறது. ஈரச் சொக்ஸோடு இரண்டு மணித்தியாலம் இருந்துவிட்டு வருகிறார். என்ன செய்யலாம்?
— மகள், ஏஜாக்ஸ்

இதை எழுதியதற்கு உங்களுக்கு நன்றி. நம்முடைய கால்கள் நனைவது காட்டிலோ மலையிலோ அல்ல, அந்தச் சப்பாத்துத் தட்டுக்கு முன்னாலுள்ள ஆறடியில்தான். பூட்ஸைக் கழற்றிவிட்டு நிற்க உலர்ந்த இடம் தேடி நுனிக்காலில் தாவுவது எல்லாக் கோயிலிலும் நடக்கிற நடனம்.

அம்மாவை வாங்கில் இருத்துங்கள். நீங்களே பூட்ஸைக் கழற்றுங்கள். அதற்குள்ளேயே சொக்ஸையும் கழற்றி வைத்துவிட்டு, கைப்பையில் கொண்டுபோன உலர்ந்த சோடியை உலர்தரையில் வைத்து மாட்டிவிடுங்கள். திரும்பும்போது பழைய சொக்ஸ் ஈரமாயிருந்தால் மூன்றாவது சோடி. கைப்பையில் விபூதிக்குப் பக்கத்தில் இடம் இருக்கும்.

நீரிழிவுக்காரர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். குளிர்வதும் தெரியாது, சுடுவதும் தெரியாது. ஆகவே பூட்ஸுக்குள் வைக்கும் சூட்டுப் பொதி, வெந்நீர்ப் போத்தல், ஹீற்றருக்கு முன் கால் நீட்டுவது மூன்றும் அவருக்கு வேண்டாம். இரவில் நீங்கள் பாதத்தைக் கையில் எடுத்து விரலிடுக்கு, குதிக்கால் எல்லாம் பாருங்கள். சிறு கொப்புளம் இருந்தாலும் மறுநாளே மருத்துவரிடம்.

ஒரு பெக் பிராந்தி போட்டால் கால் சூடாகும் என்கிறாரே என் மச்சான்?
— மிசிசாகா

சூடானது மாதிரி இருக்கும். தோலுக்கடியிலுள்ள இரத்தக்குழாய்கள் விரிந்து உள்ளிருக்கும் சூட்டை வெளியே தானம் செய்வதால் வரும் மயக்கம் அது. மச்சான் வீட்டுக்குள் இருந்து குடிக்கட்டும். சிகரெட் நேரெதிர். குழாய்களைச் சுருக்கிவிடும். அதுவும் விரலுக்குத்தான் கேடு.

நேற்று மகனின் பெருவிரல் வெள்ளையாகி மரத்துவிட்டது. சுடுதண்ணீரில் வைப்பதா, தேய்ப்பதா என்று தெரியாமல் தடுமாறிவிட்டோம்.
— தாய், ஸ்காபரோ

1994 ஜனவரி, எனக்குத் தபால் வேலையில் முதல் குளிர்காலம். மத்தியானத்துக்குமேல் கால் நோவது நின்றுவிட்டது. பழகிவிட்டது என்று மகிழ்ந்தேன். அதுதான் முட்டாள்தனம். நோவு நின்றால் நல்லதல்ல, விரல் பேசுவதை நிறுத்திவிட்டது என்று பொருள். வீட்டுக்கு வந்து பார்த்தால் இடது பெருவிரல் மெழுகுத்துண்டு. தேய்க்கப்போன என் கையை மனைவி தட்டிவிட்டார். அவர் தாதியாக வேலை செய்தவர்.

தேய்க்கக்கூடாது. உள்ளே உறைந்த துகள்கள் தசையைக் கிழிக்கும். பனியால் தேய்ப்பது அதைவிட மோசம். அடுப்பு, ஹீற்றர் கூடாது. மரத்த கால் கருகினாலும் தெரியாது. ஈரச் சொக்ஸைக் கழற்றி, 37 முதல் 39 பாகைத் தண்ணீரில் அரை மணிவரை வையுங்கள். கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் சூடு. உங்கள் முழங்கையால் பாருங்கள், அவன் காலால் பார்க்காதீர்கள். தண்ணீர் ஆற ஆற இளஞ்சூடு ஊற்ற வேண்டும். உணர்வு திரும்பும்போது பையன் கத்துவான், அது நல்ல சத்தம். விரல் கெட்டியாகவே இருந்தாலோ கொப்புளம் போட்டாலோ உடனே மருத்துவமனை. வழியில் மறுபடி உறையக்கூடும் என்றால் உருக்கவே வேண்டாம். உருகி உறைவது முதல் உறைவைவிட அதிகம் அழிக்கும். என் விரல் பிழைத்தது. ஆனால் முப்பது வருடமாக மற்ற ஒன்பதுக்கும் முன்னதாக அதுதான் குளிர்கிறது.

ஈரப் பூட்ஸை ஒரே இரவில் காயவைக்க வழி உண்டா?
— பலர்

உள்ளுறையைக் கழற்றித் தனியே தொங்கவிடுங்கள். தோலை ஹீற்றரோடு ஒட்டி வைத்தால் வெடிக்கும், இரண்டடி தள்ளி வையுங்கள். 2013 டிசம்பர் ஐஸ் புயலில் எங்கள் வீட்டில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. சொக்ஸைப் பிழிந்து, பனியனுக்குள் வயிற்றோடு வைத்துப் படுத்தேன். முதல் கால்மணி நேரம் யாரையும் திட்டலாம் போலிருந்தது. விடியும்போது காய்ந்திருந்தது. பூட்ஸுக்குள் பழைய பேப்பரைக் கசக்கித் திணித்து, படுக்கமுன் ஒருதடவை மாற்றுங்கள். செய்தித்தாள்தான் ஈரம் உறிஞ்சும். இந்த இதழ் வழவழத் தாள், அதற்கு உதவாது. ஆசிரியர் இதைப் பெருமையாக எடுத்துக்கொள்வாரோ தெரியவில்லை.