பிஜிபெஞ்ச்: கிளையன்ட் கூடியும் வேகம் கூடாதது ஏன்?

வணக்கம். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் வேகத்தை அளக்கும் பிஜிபெஞ்ச் கருவியின் சோதனை அட்டவணைகளை, அவற்றின் அளவைத் தீர்மானிக்கும் அளவுக் காரணி எதுவும் கொடுக்காமல் உருவாக்கி, 20 கிளையன்டுகளுடன் (ஒரே நேரத்து இணைப்புகளுடன்) ஓட்டியும் வினாடிக்கான பரிவர்த்தனை ஏறவில்லை, ஒவ்வொரு முறையும் வேறு எண் வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். சர்வரில் கோளாறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அளவுக் காரணி இயல்பாக 1 என்பதால், கணக்கு அட்டவணையில் 1,00,000 பதிவுகள் இருந்தாலும் கிளை அட்டவணையில் ஒரே ஒரு பதிவுதான் இருக்கும். இயல்பான சோதனையின் ஒவ்வொரு பரிவர்த்தனையும் அந்த ஒரே பதிவைப் புதுப்பித்தாக வேண்டியிருப்பதால், 20 கிளையன்டுகளும், ஒரு நேரத்தில் ஒருவரை மட்டுமே பதிவை மாற்றவிடும் ஒரே பூட்டுக்காக ரேஷன் கடை வரிசைபோல நிற்கின்றன. நீங்கள் அளந்தது வட்டின் வேகத்தை அல்ல, அந்தக் காத்திருப்பை.

ஐயம் இருந்தால், இப்போதுள்ள அட்டவணைகளிலேயே சிறிய ஆர் (-r) விருப்பத்தைச் சேர்த்து ஒருமுறை ஓட்டுங்கள். ஒவ்வொரு கூற்றுக்கும் ஆன சராசரி நேரம் தனித்தனியே அச்சாகும், கிளை அட்டவணையின் அப்டேட் வரியில் நேரம் கரைவதைக் கண்ணால் பார்க்கலாம்.

பிறகு அளவுக் காரணியைக் குறிக்கும் சிறிய எஸ் (-s) விருப்பத்துக்கு 100 கொடுத்து அட்டவணைகளை மறுபடி உருவாக்குங்கள், ஏறக்குறைய 1.5 ஜிபி இடம் பிடிக்கும். கால அளவு சொல்லாவிட்டால் கிளையன்டுக்கு 10 பரிவர்த்தனையோடு கருவி நின்றுவிடும். எண் தாறுமாறாக வர அதுவே போதும். நினைவகத்தில் உள்ள மாற்றங்களை வட்டில் எழுதும் செக்பாயிண்ட் இயல்பாக 5 நிமிடத்துக்கு ஒருமுறை வருவதால், அதன் பாதிப்பும் அளவீட்டுக்குள் அடங்கும்படி பெரிய டி (-T) விருப்பத்தில் 600 வினாடி கொடுங்கள்.

உங்கள் சொந்த வினவலைச் சோதிக்க, அதை ஒரு கோப்பில் எழுதிச் சிறிய எஃப் (-f) விருப்பத்தில் தரலாம். பிஜிபெஞ்சின் அட்டவணைகள் இல்லாத தரவுத்தளமென்றால் சிறிய என் (-n) விருப்பத்தையும் சேர்க்க மறவாதீர்கள்.