அழைக்காமல் எழும் நிரல்கள்

கேள்வி: ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை நடத்துகிறோம். கணக்கெழுதவும் பில் அனுப்பவும் வாங்கிய புதிய விண்டோஸ் 11 லேப்டாப், திறந்தவுடன் வெகுநேரம் திணறுகிறது. வாங்கும்போதே அதிலிருந்த, நாங்கள் தொட்டுக்கூடப் பார்க்காத நிரல்களை நிறுத்திவிடலாமா?
– வாசகி, ஆத்தங்குடி

பதில்: பெரும்பாலானவற்றைத் தாராளமாக நிறுத்தலாம். தயாரிப்பாளர் பதிந்து அனுப்பும் அரட்டைச் செயலிகளும் சோதனைக்கால ஆன்டிவைரஸும், நீங்கள் அழைக்காமலே கணினியுடன் சேர்ந்து எழுந்து, ரேமில் (கணினியின் தற்காலிக நினைவகத்தில்) இடம் பிடித்துக்கொள்கின்றன. விண்டோஸ் 11-இன் குறைந்தபட்சத் தேவையே 4 ஜிபி என்பதால், அந்த அளவு மட்டுமே உள்ள கணினியில் இந்தச் சுமை உடனே தெரியும்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ‘ஸ்டார்ட்அப் ஆப்ஸ்’ பகுதிக்குச் சென்று, தாக்கம் ‘ஹை’ என்று காட்டப்படும் நிரல்களில் வேண்டாததன் மீது வலப்பக்கச் சொடுக்குச் செய்து ‘டிஸேபிள்’ கொடுங்கள். இதனால் நிரல் அழிந்துவிடாது. தானாகத் தொடங்காது, அவ்வளவுதான். தேவைப்பட்டால் அதே இடத்தில் ‘எனேபிள்’ கொடுக்கலாம்.

டச்பேட், ஒலி, திரை ஆகியவற்றுக்கான நிரல்களிலும் விண்டோஸ் செக்யூரிட்டியிலும் கை வைக்காதீர்கள். பில்களை மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவில் சேமிப்பவராயின் அதையும் விட்டுவையுங்கள்; நிறுத்தினால், நீங்களாகத் திறக்கும்வரை பிரதி மேலேறாது. காலாவதியான ஆன்டிவைரஸை மட்டும் செட்டிங்ஸ் வழியே முழுமையாக நீக்கிவிடுவது நல்லது. விண்டோஸின் சொந்தப் பாதுகாப்பு பொறுப்பேற்றுக்கொள்ளும். வேகம் கூட்டுவதாக விளம்பரப்படுத்தப்படும் ‘கிளீனர்’ நிரல்கள் வேண்டவே வேண்டாம். அவற்றுள் பலவும் பின்னணியில் ஓடுபவைதாம்.