தோட்டத்து நியாயமும் லயத்து நியாயமும்

அன்புள்ள ஐயா,

இலங்கையில் ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கற்பிக்கிறேன். என் அப்பாயியின் தாத்தா, ஆள் சேர்த்து வந்து வேலை வாங்கிய கங்காணியிடம் பட்ட கடனை அடைக்காமல் இரவோடிரவாக வேறு தோட்டத்துக்கு ஓடியவராம். "அந்தப் பாவம்தான் நம்மைச் சுற்றுகிறது" என்று அப்பாயி சாகும்வரை சொன்னார். அதே கதையை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். அப்படியானால் அறம் என்பது அந்தந்தக் காலத்துச் சமூகம் போட்ட விதி மட்டும்தானா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் அப்பாயியின் அச்சத்துக்கு வேர் உண்டு. கடல் கடந்து வந்த செலவும் அரிசியும் கம்பளியும் கங்காணியின் கணக்கில் கடனாக ஏறின. சொல்லாமல் வேலையை விட்டுப் போனவரை 1865ஆம் ஆண்டுச் சட்டம் சிறைக்கு அனுப்பியது. கடன்தொகை எழுதிய 'துண்டு' கையில் இல்லாதவருக்கு அடுத்த தோட்டத்தில் வேலை கிடைப்பது அரிது. 1921இல் துண்டு முறையை ஒழித்தார்கள். சட்டம் போய்விட்டது, பாவம் மட்டும் உங்கள் வீட்டில் தலைமுறைகளாகத் தங்கிவிட்டது. விதி மனச்சாட்சிக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஆனாலும் 'சமூகம்' என்கிறீர்களே, எந்தச் சமூகம்? கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்று பாருங்கள். குறித்த கிலோ நிறையாவிட்டால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான். காய்ச்சலோடு மலை ஏறியவளின் கூடை குறைந்திருந்தால், வரிசையில் பக்கத்தில் நிற்பவள் தன் கொழுந்தில் இரண்டு கை அள்ளி அதில் போடுவாள். பேச்சே இருக்காது. தோட்டத்து நியாயப்படி அது கணக்கை ஏமாற்றுவது. லயத்து நியாயப்படி, அதாவது தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளின் நியாயப்படி, போடாமல் நிற்பதுதான் கேவலம். இரண்டுமே சமூகம் கற்றுக்கொடுத்தவைதாம். இரண்டும் மோதும் இடத்தில்தான் மனிதர் தாமாக யோசிக்கத் தொடங்குகிறார் என்பது என் உறுதியான எண்ணம்.

அதற்காக லயத்து நியாயத்தைக் கும்பிடச் சொல்லவில்லை. சாதி பார்த்து லயம் பிரித்த காலத்தையும் நாம் கடந்துதான் வந்திருக்கிறோம். 1984 வரை பெண்ணின் நாட்சம்பளம் ஆணுடையதைவிடக் குறைவு. அந்தக் குறைந்த சம்பளத்தையும் பல தோட்டங்களில் கணவனோ தகப்பனோ போய் வாங்கிக்கொண்டார். தோட்டமும் கொடுத்தது, லயமும் சரி என்றது. இரண்டு நியாயமும் கைகோத்துக்கொண்ட அந்த இடத்தில் அநியாயம் வெகுகாலம் யார் கண்ணிலும் படவில்லை. கொழுந்து அள்ளிப் போட்ட அதே கைகள் சம்பளத்தை எண்ணிப் பார்க்காமலே இருந்தன.

உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை படிப்பை இடையில் விட்டுக் கொழும்பில் யார் வீட்டுக்கோ வேலைக்குப் போயிருந்தால், அங்கிருந்து பேச்சைத் தொடங்குங்கள். வீட்டில் வறுமை, ஊரில் வழக்கம், எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். அனுப்பிய தாயைப் பாவி என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பிள்ளையிடம் யாராவது கேட்டார்களா என்று மாணவர்கள் விசாரித்து வரட்டும்.

அன்புடன்.