பிரேக் மிதித்தால் இண்டிகேட்டரும் எரிகிறதா? டிரெய்லரின் எர்த்தைப் பாருங்கள்

கேள்வி: கரும்பு ஏற்றும் என் டிராக்டர் டிரெய்லரில், பார்க் லைட்டு போட்டுக்கொண்டு பிரேக் மிதித்தால் பின்பக்கச் சிவப்பு விளக்குகள் பளிச்சென எரியாமல் மங்குகின்றன, இண்டிகேட்டர்களும் சேர்ந்து லேசாக எரிகின்றன. பல்புகளையும் பியூஸையும் மாற்றிவிட்டேன். பக்கத்துத் தோட்டத்து டிராக்டரில் மாட்டினாலும் இதே கதைதான். மேடு ஏறும்போது மட்டும் சில சமயம் சரியாக எரிகிறது. எங்கே பார்ப்பது?

பதில்: கடைசியாக நீங்கள் சொன்ன இரண்டு செய்திகளே பழுதின் இடத்தைக் காட்டிவிடுகின்றன. வேறு டிராக்டரில் மாட்டியும் மாறவில்லை என்பதால், கோளாறு டிரெய்லரின் பிளக்குக்கும் விளக்குகளுக்கும் இடையில் இருக்கிறது. மேடு ஏறும்போது சரியாவதற்குக் காரணம், பாரம் பின்னுக்கு இழுத்து, டிரெய்லரை டிராக்டரோடு கோக்கும் இரும்புப் பின் (pin) கொக்கியில் இறுகி அழுந்துவதுதான். அதாவது உங்கள் டிரெய்லருக்கு எர்த் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி) இப்போது வயர் வழியாக வராமல், கிரீஸும் துருவும் படிந்த அந்தப் பின் வழியாக வந்துகொண்டிருக்கிறது.

பிரேக் மிதித்தவுடன் பல்பின் 21 வாட் இழை வழியாகப் பாயும் மின்சாரம், விளக்கின் உடலை அடைந்து, அங்கிருந்து எர்த் வயர் மூலம் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்குத் திரும்ப வேண்டும். அந்த வழி அடைபட்டிருந்தால், அதே உடலைப் பகிர்ந்துகொள்ளும் இண்டிகேட்டர் பல்புக்குள் அது பின்வாசல் வழியாக நுழைந்து, இண்டிகேட்டர் வயரில் ஏறி, டிராக்டரின் முன்பக்க இண்டிகேட்டர் பல்பைச் சுற்றிக்கொண்டு எர்த்தைத் தேடிப் போகிறது. இத்தனை இழைகளும் 12 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்வதால்தான் எல்லாமே மங்கலாக எரிகின்றன.

இதை உறுதி செய்ய நீளமான வயர் ஒன்று போதும். பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து அதை இழுத்துவந்து, விளக்கின் உலோக உடலில் பெயின்ட் சுரண்டிய இடத்தில் வைத்து, ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். விளக்கு உடனே பிரகாசமானால் குற்றவாளி எர்த்தேதான். மல்டிமீட்டர் இருந்தால், விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும்போதே பேட்டரி நெகட்டிவுக்கும் விளக்கின் உடலுக்கும் இடையில் அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது, இரண்டு மூன்று வோல்ட் காட்டினால் எர்த் போதவில்லை. பிளக்கைக் கழற்றிவிட்டு வெறும் சாக்கெட்டில் மட்டும் அளந்து ஏமாற வேண்டாம். அறுந்து ஒரே ஒரு நூலில் தொங்கும் வயர்கூட, சுமை இல்லாதபோது முழு 12 வோல்ட்டைக் காட்டும்.

வட்டமான ஏழு பின் பிளக்கைத் திறந்தால், முனைகளின் அருகே எண்கள் பொறித்திருக்கும். வழக்கமான முறைப்படி 1 இடது இண்டிகேட்டர், 4 வலது இண்டிகேட்டர், 5, 7 பார்க் லைட்டு, 6 பிரேக், 3 எர்த். வயரின் நிறத்தை நம்பாதீர்கள். பட்டறையில் எந்த நிறம் கைக்குக் கிடைக்கிறதோ அதைத்தான் மாட்டுகிறார்கள். மூன்றாம் முனையில் பச்சை பூத்திருந்தால் சுத்தம் செய்து, அங்கிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் ஒன்றைத் தனியாக இழுத்து, இரண்டு விளக்குகளின் உடலிலும் நேரடியாகப் போல்ட்டு போட்டு முடுக்குங்கள். டிரெய்லரின் இரும்புச் சட்டமான சேஸிஸை மட்டும் நம்பி விடுவது இன்னொரு மழைக்காலம் வரைக்கும்தான் தாங்கும்.

எர்த் சரியாக இருந்தும் குறை தீரவில்லை என்றால், புதிதாகப் போட்ட பல்பைக் கழற்றிப் பாருங்கள். பார்க் லைட்டும் பிரேக் லைட்டும் சேர்ந்த ஹோல்டருக்கு, அடியில் இரண்டு புள்ளிகள் கொண்ட 21/5 வாட் பல்பு வேண்டும். ஒற்றைப் புள்ளிப் பல்பைத் திணித்தால், அந்த ஒரே புள்ளி இரண்டு வயர்களையும் இணைத்துவிடும். பித்தளை அடிப்பகுதியில் 24 வோல்ட் என்று பொறித்திருந்தால் அது லாரிப் பல்பு. 12 வோல்ட்டில் அது அழுது வடியத்தான் செய்யும்.

உங்களுக்குப் பியூஸ் போகவில்லை என்றாலும் ஒன்று சொல்லிவைக்கிறேன். பியூஸ் அடிக்கடி போனால் அதற்குப் பதில் செம்புக் கம்பியைச் சுற்றாதீர்கள். பியூஸ் இடத்தில் 21 வாட் பல்பு ஒன்றை மாட்டிவிட்டு, சேஸிஸ் ஓட்டைகளுக்குள் வயர் நுழையும் இடங்களை ஒவ்வொன்றாக அசைத்துக்கொண்டே வாருங்கள். முழு வெளிச்சத்தில் எரியும் அந்தப் பல்பு எந்த இடத்தில் சட்டென மங்குகிறதோ, அங்கேதான் வயர் உரசி ஷார்ட் ஆகியிருக்கிறது.

எல்லாம் முடிந்ததும், பிளக்கின் பிளவுபட்ட பின்களைக் கத்தி முனையால் மெல்ல விரித்துவிடுங்கள். சாக்கெட்டில் இறுக்கமாக உட்காரும். டிரெய்லர் சும்மா நிற்கும் நாட்களில் பிளக்கின் வாய் கீழே பார்க்கும்படி தொங்கவிட்டால், தண்ணீர் உள்ளே தேங்காது.