பெஞ்சில் ஐந்து வாரம், கையில் அறுபது நாள்

கேள்வி: நான் நியூ ஜெர்சி மாநிலம் எடிசனில் வசிக்கிறேன். நூற்றுக்கணக்கானோர் வேலை செய்யும் ஒரு கன்சல்டன்சியில் ஆறரை ஆண்டுகளாக எச்-1பி வேலை விசாவில் இருந்தேன். கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போட்ட ஐ-140 மனுவுக்கு அனுமதி 2021லேயே வந்துவிட்டது. இங்கே தங்க அனுமதிக்கும் ஐ-94 பதிவு 2027 வரை செல்லும், ஆனால் பாஸ்போர்ட்டில் உள்ள விசா ஸ்டாம்பிங் காலாவதியாகிவிட்டது. கிளையண்ட் ப்ராஜெக்ட் முடிந்ததும் ஐந்து வாரம் சம்பளமில்லாமல் பெஞ்சில், அதாவது அடுத்த ப்ராஜெக்ட்டுக்குக் காத்திருக்க, வைத்தார்கள். போன வாரம் எங்கள் அலுவலகத்தில் எழுபது பேருக்கு ஒரே நாளில் வேலை போனது. அதில் நானும் உண்டு, அமெரிக்கர்களும் உண்டு. ‘எந்தக் கோரிக்கையும் வைக்க மாட்டேன்’ என்று கையெழுத்துப் போட்டால் ஆறு வாரச் சம்பளம் தருவார்களாம். போடாவிட்டால், 2024 எக்ஸ்டென்ஷனின்போது ‘மூன்று வருடம் வேலையில் இருப்பேன்’ என்று எழுதி வாங்கிய பாண்ட்படி விசா, கிரீன் கார்டு செலவுக்காக ஐந்து லட்சம் ரூபாய் கேட்பார்களாம். அந்தப் பாண்டில் திருச்சியில் இருக்கும் அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டு, தொகை எழுதாத செக் ஒன்றும் கொடுத்திருக்கிறார். மனைவி, எச்-1பி ஊழியரின் துணைக்குரிய எச்-4 விசாவில் கிடைத்த அனுமதியில் வேலை செய்கிறார். “பேசாம ஊருக்குப் போயிட்டு ஆறு மாசம் கழிச்சு வா” என்கிறார்கள் நண்பர்கள். வேலை போன அமெரிக்கர்கள் என் மேல் வழக்குப் போட முடியுமா?

பதில்: ஊருக்குப் போகும் யோசனையை முதலில் தள்ளி வையுங்கள். இரண்டு வருடத்துக்கு முன் கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஒருமுறை எச்-1பியின் ஆண்டு ஒதுக்கீட்டில் எண்ணப்பட்டவர், கையில் ஐ-140 அனுமதி இருப்பவர், அந்த விசாவுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் லாட்டரிக்குப் போகாமலே திரும்பி வரலாம். அது இன்றும் மாறவில்லை. ஆனால் 2025 செப்டம்பர் 19 அன்று அதிபர் ட்ரம்ப் கையெழுத்திட்ட பிரகடனம் இடையில் வந்துவிட்டது. செப்டம்பர் 21 முதல், அமெரிக்காவுக்கு வெளியே இருக்கும், செல்லுபடியான எச்-1பி விசா இல்லாத ஒருவருக்காகப் புது மனு போடும் முதலாளி 1 லட்சம் டாலர் கட்ட வேண்டும். உங்கள் ஸ்டாம்பிங் காலாவதி. நீங்கள் விமானம் ஏறிய பிறகு உங்களுக்காக யார் அந்தத் தொகையைக் கட்டுவார்கள்? பிரகடனம் ஓராண்டுக்குத்தான், நீட்டிக்கவும் செய்யலாம். அந்த நிலவரத்தை நம்பிப் பெட்டி கட்டாதீர்கள்.

நாட்டுக்குள் இருந்தபடியே, விசா அந்தஸ்து (சட்டப்படி தங்கும் நிலை) கெடாமல், வேறு முதலாளி மூலம் நீட்டிப்புக் கேட்டு அது கிடைத்தால் இந்தத் தொகை கிடையாது என்று குடிவரவுத் துறை 2025 அக்டோபரில் விளக்கியிருக்கிறது. ஆக உங்கள் கையில் இருக்கும் ஒரே சொத்து அந்த அறுபது நாள். 2017 ஜனவரியில் அமலான விதி இது: வேலை போன பிறகும் நாட்டில் தங்க, மறுநாளிலிருந்து அதிகபட்சம் 60 நாள், அல்லது ஐ-94 முடியும் நாள், இரண்டில் எது முந்துகிறதோ அதுவரை. அதற்குள் புது முதலாளியின் மனு துறைக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் போதும், அனுமதி வந்திருக்க வேண்டியதில்லை. மனு சேர்ந்ததுமே அங்கே வேலையைத் தொடங்கலாம். ஆனால் மனுவுக்கு முன்னால் எல்.சி.ஏ. (இன்ன சம்பளம் தருவேன் என்ற முதலாளியின் உறுதிமொழிக்கு அரசுச் சான்று) வாங்க வேண்டும், தொழிலாளர் துறை அதற்கே ஏழு வேலை நாள் எடுக்கும். வக்கீல் தாள்களைத் திரட்ட இன்னொரு வாரம். அதனால் உங்கள் காலண்டரில் 60 என்று எழுதாதீர்கள், 42 என்று எழுதுங்கள். முதல் மூன்று வாரத்தைத் துக்கத்திலேயே கழித்துவிட்டு நாற்பதாவது நாளில் போன் செய்பவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

சரி, இப்போது என்னை உண்மையில் கவலைப்பட வைத்த விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் போகிறபோக்கில் சொல்லிச் சென்ற அந்த ஐந்து வார பெஞ்ச்.

எச்-1பி ஊழியருக்கு ப்ராஜெக்ட் இல்லை என்பதற்காகச் சம்பளத்தை நிறுத்தக் கூடாது. எல்.சி.ஏ.யில் ஒப்புக்கொண்ட சம்பளத்தை பெஞ்ச் காலத்திலும் கொடுத்தாக வேண்டும். ஊழியர் தானாகக் கேட்டு எடுத்த விடுப்பு போன்ற, வேலைக்குச் சம்பந்தமில்லாத காரணங்களுக்கு மட்டும்தான் விலக்கு. ஆகவே “அந்த ஐந்து வாரமும் என் சொந்தக் காரணத்துக்காக விடுப்பில் இருந்தேன்” என்கிற மாதிரி ஒரு வரி அந்தக் கையெழுத்துத் தாளில் ஒளிந்திருக்கிறதா என்று ஒருமுறைக்கு இரண்டு முறை பாருங்கள். இருந்தால் சம்பளம் மட்டுமல்ல, விசாவும் சிக்கலாகும். 60 நாளை எங்கிருந்து எண்ணுவது என்பதற்குக் குடிவரவுத் துறை வழக்கமாகப் பார்ப்பது, எந்த நாள் வரைக்குமான சம்பளம் கொடுக்கப்பட்டதோ அந்த நாளை. ஐந்து வாரத்துக்கு பே ஸ்டப் (சம்பளச் சீட்டு) இல்லையென்றால், உங்கள் கெடு போன வாரம் தொடங்கவில்லை, அதற்கும் ஐந்து வாரம் முன்பே தொடங்கிவிட்டது என்று ஓர் அதிகாரி வாதிட இடமிருக்கிறது. அப்படி எண்ணினால் உங்களுக்கு மிச்சம் மூன்று வாரம்கூட இல்லை.

இதற்கு மருந்து, வாயை மூடிக்கொண்டு இருப்பதல்ல. தொழிலாளர் துறையின் ஊதியப் பிரிவில் டபிள்யூ.எச்.-4 படிவத்தில் புகார் கொடுங்கள். மீறல் நடந்து 12 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், கட்டணம் கிடையாது. பாக்கிச் சம்பளம் வருவது ஒரு பக்கம் இருக்கட்டும். முதலாளியின் மீறலால்தான் அந்தஸ்தில் இடைவெளி வந்தது என்று புகார் நகலோடு காட்டினால், அதை அசாதாரணச் சூழலாகக் கருதி நீட்டிப்பை அனுமதிக்கத் துறைக்கு அதிகாரம் உண்டு. புகார் கொடுத்தவரைப் பழிவாங்குவதும் சட்டவிரோதம். எச்-1பி முதலாளிகளை விசாரிக்கவென்றே தொழிலாளர் துறை 2025 செப்டம்பரில் தனித் திட்டம் தொடங்கியிருக்கிறது, காற்று உங்கள் பக்கம்தான். பெஞ்சில் இருந்தபோது மேனேஜர் அனுப்பிய மெயில், “நாளைக்கு இன்டர்வியூ இருக்கு, ரெடியா இரு” என்ற வாட்ஸாப் செய்தி, எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். அந்தக் காலத்தில் நீங்கள் வேலைக்குக் காத்திருந்த ஊழியர் என்பதற்கு அதுதான் சாட்சி.

ஆறு வாரச் சம்பளம் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. நியூ ஜெர்சியில் 2023 ஏப்ரல் 10 முதல் உள்ள சட்டப்படி, 100 பேருக்குக் குறையாத நிறுவனம் 50 பேரையோ அதற்கு மேலோ மொத்தமாக அனுப்பினால் 90 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். அதோடு, வேலை செய்த ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் ஒரு வாரச் சம்பளம் கட்டாயம். உங்களுக்கு முழு ஆண்டுகள் ஆறு. அதாவது அவர்கள் பரிசாக நீட்டுவது ஏற்கெனவே உங்களுடைய பணம். முன்னறிவிப்பு இல்லாததால் இன்னும் நான்கு வாரச் சம்பளம் சேரும். மாநிலத் தொழிலாளர் ஆணையரோ நீதிமன்றமோ ஒப்புக்கொள்ளாமல் இந்த உரிமையை நீங்கள் விட்டுக்கொடுத்தாலும் செல்லாது. கையெழுத்து வேண்டுமென்றால் இதற்கு மேல் என்ன தருவீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், இந்தப் பணம் 60 நாள் கெடுவை நீட்டாது. இன்னொன்று, அனுமதிக் காலம் முடியுமுன் முதலாளி நீக்கினால் நீங்கள் ஊர் திரும்பும் பயணச் செலவு அவருடையது. உங்களுக்கு மட்டும்தான், குடும்பத்துக்கு இல்லை.

வேலை கிடைக்கத் தாமதமானால், கெடு முடியுமுன் பி-2 என்ற சுற்றுலா விசா அந்தஸ்துக்கு மாற்றக் கேட்டு மனுப் போட்டு உட்காரலாம். அந்த நேரத்தில் வேலை செய்யக் கூடாது. பின்னால் வரும் எச்-1பி மனு அந்த பி-2வின் முடிவைச் சார்ந்திருக்கும் என்பதால் இதை இரண்டாவது வழியாகவே வையுங்கள். மனைவியின் எச்-4 உங்கள் அந்தஸ்தில் தொங்குகிறது. அவர் தொடர்ந்து வேலைக்குப் போவது பற்றி அங்குள்ள குடிவரவு வக்கீலிடம் இந்த வாரமே கேளுங்கள். ஐ-140 போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். அனுமதி கிடைத்து 180 நாள் தாண்டிவிட்டதால் கம்பெனி வாபஸ் வாங்கினாலும் அந்த அனுமதி நிற்கும், கிரீன் கார்டு வரிசையில் உங்கள் இடத்தைக் காட்டும் முன்னுரிமைத் தேதியும் நிற்கும். புது முதலாளி கிரீன் கார்டு வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும், வரிசையில் உங்கள் இடம் மட்டும் பழைய இடமே.

அமெரிக்கர்கள் உங்கள் மேல் வழக்குப் போட முடியுமா? முடியாது. எச்-1பி சட்டத்தின் கடமைகள் எல்லாம் முதலாளிக்கு. ஆர்லாண்டோ டிஸ்னியில் 2015ல் வேலை இழந்த ஐடி ஊழியர்கள், தங்கள் இடத்துக்கு வந்தவர்களுக்குத் தாங்களே பயிற்சி கொடுத்துவிட்டுப் போக வேண்டியிருந்தது. அவர்களில் சிலர் நீதிமன்றம் போனபோது நிறுவனங்களைத்தான் எதிர்மனுதாரர்களாக்கினார்கள். 2016ல் அதுவும் தள்ளுபடியானது.

அவர்கள் கோபத்தில் அர்த்தமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். எச்-1பி விசாக்களுக்கு 1990ல் ஆண்டுக்கு 65,000 என்று வைத்த வரம்பை, இணைய நிறுவனங்கள் பெருகிய டாட்காம் காலத்து உற்சாகத்தில் ஏற்றிக்கொண்டே போய், 2001 முதல் 2003 வரை 1,95,000 ஆக்கினார்கள். அந்த மூன்று வருடத்தில்தான் ஐடி வேலைகள் சரிந்தன. எச்-1பி ஊழியர்களை அதிகம் நம்பியிருக்கும் நிறுவனங்கள் அமெரிக்கரை நீக்கி அந்த இடத்தை நிரப்பக் கூடாது என்று 1998ல் ஒரு விதி வந்தது. கூடவே அந்த எச்-1பி ஊழியருக்கு ஆண்டுக்கு 60,000 டாலர் சம்பளமோ மேற்படிப்போ இருந்தால் விலக்கு என்றும் எழுதினார்கள். அந்த 60,000 இன்றுவரை ஏறவில்லை. அன்றைக்கு நல்ல சம்பளம், இன்றைக்கு எடிசனில் அதை வைத்துக் குடும்பம் நடத்திப் பாருங்கள். சம்பளமில்லாமல் உங்களை ஐந்து வாரம் உட்கார வைக்க முடிந்ததும், அந்த அமெரிக்கரை மலிவாக மாற்ற முடிந்ததும் ஒரே காரணத்தால்தான்: உங்கள் விசா முதலாளியின் கையில் இருக்கிறது. அந்த அமெரிக்கருக்கு வேலையில்லாக் காலப் படி கிடைக்கும். உங்களுக்கு அது கிடைப்பது கடினம்.

கடைசியாக அப்பாவின் செக். எச்-1பி மனுக் கட்டணம், வக்கீல் கட்டணம், கிரீன் கார்டுக்கான லேபர் சான்றிதழ் செலவு ஆகியவற்றை ஊழியர் தலையில் கட்ட அமெரிக்க விதி தடுக்கிறது. இந்தியாவில் பாண்ட் எல்லாம் செல்லாது என்று சொல்லித் தேற்றுபவர்களை நம்பாதீர்கள். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு லட்சம் ரூபாய் பாண்ட் ஒன்றைச் செல்லும் என்றது. ஆனால் அங்கே ஊழியர் தானாக ராஜினாமா செய்தார். உங்களை அவர்களே அனுப்பியிருக்கிறார்கள். மூன்று வருடம் இருக்க விடாதவர், ஏன் இருக்கவில்லை என்று கேட்க முடியாது. ஜாமீன்தாரரின் பொறுப்பு உங்கள் பொறுப்பின் அளவுதான், உங்களுக்கு இல்லாத கடன் அப்பாவுக்கும் இல்லை. ராஜினாமாக் கடிதம் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கொடுத்துவிடாதீர்கள்.

செக்கைப் பொறுத்தவரை, தரவேண்டிய பாக்கி எதுவும் இல்லை, செக்கைப் பயன்படுத்தக் கூடாது, திருப்பித் தாருங்கள் என்று அப்பா பெயரில் ஒரு வக்கீல் நோட்டீஸ் ஸ்பீட் போஸ்ட்டில் இப்போதே போகட்டும். அதையும் மீறி வங்கியில் போட்டு, செக் திரும்பி, அவர்கள் நோட்டீஸ் அனுப்பினால், பணம் கட்டவோ பதில் சொல்லவோ அது கையில் கிடைத்த நாளிலிருந்து 15 நாள்தான் அவகாசம். அந்த உறையை வாங்காமல் திருப்பி அனுப்பச் சொல்லாதீர்கள். வாங்கி, கிடைத்த தேதியை மேலே எழுதி, அன்றைக்கே திருச்சியில் ஒரு வக்கீலிடம் கொண்டு போகச் சொல்லுங்கள்.