ஜெர்மனியிலிருந்து எந்தப் பெட்டி வரட்டும்?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம் இருக்கிறோம். என் நாத்தனார் ஜெர்மனியில் நர்ஸ். கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊருக்கு வருகிறாள். அங்கே பழைய பொருள் சந்தையில் போர்டு கேம்கள் மலிவாகக் கிடைக்கிறதாம். 'ஆண்டின் சிறந்த விளையாட்டு' விருது முத்திரை போட்ட ஐந்து பெட்டிகளைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறாள்: முயல் ஆமைப் பந்தயம் மாதிரி ஒன்று (ஹாஸே உண்ட் ஈகல்), ரம்மிகப், ஸ்காட்லாந்து யார்டு, கட்டான், கார்க்கசோன். சூட்கேஸில் இரண்டுக்குத்தான் இடம். வீட்டில் நான், கணவர், கொழுந்தன், 71 வயது மாமியார், 13 வயதில் மகன், 8 வயதில் மகள். யாருக்கும் ஜெர்மன் தெரியாது. எதை எடுத்து வரச் சொல்லட்டும்?

பதில்: ரம்மிகப், கார்க்கசோன். இந்த இரண்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள். ஸ்காட்லாந்து யார்டும் உங்கள் வீட்டுக்கு வேண்டியதுதான், ஆனால் அது இந்தியாவிலேயே ஆங்கிலப் பதிப்பாகக் கிடைக்கிறது. அதற்குப் போய் சூட்கேஸில் இடம் கொடுக்க வேண்டாம்.

முதலில் அந்த முத்திரையைப் பற்றி. ஜெர்மனியில் விளையாட்டு விமர்சகர்கள் குழு ஒன்று 1979 முதல் வருடம் ஒரு விளையாட்டுக்கு இந்த விருதைக் கொடுத்து வருகிறது. உங்கள் ஐந்தும் ஜெயித்தவைதான்: ஹாஸே உண்ட் ஈகல் முதல் வருடமே, ரம்மிகப் 1980, ஸ்காட்லாந்து யார்டு 1983, கட்டான் 1995, கார்க்கசோன் 2001. ஆனால் ஒவ்வொன்றும் அந்தந்த வருடப் போட்டியில்தான் ஜெயித்தது. ரம்மிகப்பையும் கட்டானையும் யாரும் பக்கத்தில் வைத்து மார்க் போடவில்லை. ஜெர்மன் பேசும் குடும்பம் ஒன்று மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆட நல்லதா என்று பார்த்துக் கொடுத்த விருது இது. உங்கள் வீட்டுத் திண்ணைக்கு எது சரி என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

ரம்மிகப்பை முதலில் சொன்னதற்குக் காரணம் உங்கள் மாமியார். ருமேனியாவில் பிறந்த எஃப்ராயிம் ஹெர்ட்ஸானோ உருவாக்கியது. ரம்மி தெரிந்தவருக்கு ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். சீட்டுக்குப் பதில் பிளாஸ்டிக் கட்டைகள். 1 முதல் 13 வரை, நான்கு நிறம், ஒவ்வொன்றும் இரண்டு, கூடவே இரண்டு ஜோக்கர். மொத்தம் 106. சீட்டுக்கட்டு என்றாலே முகம் சுளிக்கும் பெரியவர்கள் நம் பக்கம் உண்டு. அவர்கள் இந்தக் கட்டைகளை எடுத்துக்கொண்டு நிம்மதியாக ஆடுவதைப் பார்த்திருக்கிறேன்.

கையில் 14 கட்டை. முதல் முறை இறக்க 30 புள்ளி வேண்டும். 9, 10, 11 என்று ஒரே நிறத்தில் வந்தால் சரியாக 30. அதற்கப்புறம்தான் ரம்மியில் இல்லாத வேடிக்கை ஆரம்பம். மேஜையில் இருக்கும் எல்லா செட்டும் எல்லாருக்கும் பொது. யாரோ நீலத்தில் 4, 5, 6, 7 வைத்திருக்கிறார்கள், உங்கள் கையில் சிவப்பு 7, கறுப்பு 7 இருக்கிறது. அந்த நீல 7-ஐ உருவி உங்கள் இரண்டோடு சேர்த்தால் மூன்று ஏழு. மிச்சமுள்ள 4, 5, 6 தனி செட்டாகச் செல்லுபடியாகும். 13 வயதுப் பையன் இதைப் பிடித்துக்கொண்டால் மொத்த மேஜையையும் கலைத்து அடுக்க ஆரம்பிப்பான். அப்புறம் பழையபடி வைக்கத் தெரியாமல் முழிப்பான். அதுவும் நடக்கும்.

குறை இரண்டு. நான்கு பேர்தான் ஆடலாம். இன்னொன்று, கரண்ட் போன நேரத்தில் மஞ்சள் வெளிச்ச எமர்ஜென்சி விளக்கில் சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றுபோலத் தெரியும். ஆரஞ்சுக் கட்டைகளின் பின்பக்கம் அடையாளம் போட்டால் எதிரில் இருப்பவர் பார்த்துவிடுவார். எண்ணுக்குக் கீழே ஒரு சின்னப் புள்ளி வைத்தால் போதும்.

கார்க்கசோன் அடுத்தது, ஏனென்றால் அதில் படிக்க வேண்டிய எழுத்தே இல்லை. கிளாஸ்-யூர்கன் வ்ரேடே வடிவமைத்தது. பிரான்சின் தெற்கில் உள்ள ஒரு கோட்டை நகரத்தின் பெயர். கவிழ்த்து வைத்த அட்டையில் ஒன்றை எடுத்து, பாதையோடு பாதை, மதிலோடு மதில் பொருந்தும்படி வைக்க வேண்டும். விருப்பமிருந்தால் அதன்மேல் உங்கள் மர ஆளை நிறுத்தலாம். பாதை முடிந்தால் அட்டைக்கு 1 புள்ளி, நகரம் முடிந்தால் பெரும்பாலும் அட்டைக்கு 2, மடத்தைச் சுற்றி எட்டுப் பக்கமும் அடைத்தால் 9. வயலில் ஆளைப் படுக்க வைக்கும் விவசாயி விதியை முதல் சில ஆட்டங்களுக்கு விட்டுவிடுங்கள்; எட்டு வயதுக்கு அது வேண்டாம். ஐந்து பேர் வரை ஆடலாம். பாட்டியும் பேத்தியும் ஒரு கையாகச் சேர்ந்துகொண்டால் வீடே உட்கார்ந்துவிடும். விதிப் புத்தகம் ஜெர்மனில் இருக்கும், ஆங்கில விதி இணையத்தில் கிடைக்கும்.

கட்டானுக்கு ஏன் இடமில்லை என்று உங்கள் மகன் கேட்பான். பேர்பெற்ற விளையாட்டு, பல் டெக்னீஷியனாக இருந்த கிளாஸ் டாய்பர் செய்தது. 'ரெண்டு செம்மறி தாறேன், ஒரு செங்கல் தா' என்று பேரம் பேசுவதுதான் அதன் உயிர். வடசேரி சந்தையில் மீன் பேரம் பேசிப் பழகியவர்களுக்கு அது அல்வா. ஆனால் அடிப்படைப் பெட்டியில் மூன்று அல்லது நான்கு பேர்தான், வளர்ச்சி அட்டைகளில் ஜெர்மன் வாசகம். தவிர, பகடை சொல்வதுதான் அங்கே சட்டம்: உங்கள் வீட்டை ஒட்டிய நிலத்தின் எண் விழுந்தால்தான் செம்மறியோ செங்கலோ கைக்கு வரும். இரண்டு பகடையில் 6 விழ 36-ல் 5 வழி, 2 விழ ஒரே வழி. தெரியாமல் 2-லும் 12-லும் வீடு கட்டியவர் முக்கால் மணி நேரம் வெறுங்கையோடு அடுத்தவர் வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளை அழுதுவிடும். இரண்டு வருடம் கழித்து வாங்குங்கள்.

ஹாஸே உண்ட் ஈகல் எனக்குத் தனிப்பட்ட முறையில் ரொம்பப் பிடிக்கும். இங்கிலாந்துக்காரர் டேவிட் பார்லெட் செய்தது. நம் கதையில் ஆமை, ஜெர்மன் கதையில் முள்ளெலி, அதனால் அந்தப் பெயர். ஆளுக்கு ஒரு காய் பந்தயத்தில் ஓடும், ஆனால் பகடை உருட்டி ஓடுவதில்லை. கேரட் கட்டித்தான் ஓட வேண்டும்: ஒரு கட்டம் போக 1, இரண்டு போக 3, மூன்று போக 6, நான்குக்கு 10. ஒரே தாவலில் பத்துக் கட்டம் போக 55 கேரட்; அதையே ஐந்து ஐந்தாகப் போனால் 30 போதும். கேரட் தீர்ந்தால் பின்னால் இருக்கும் முள்ளெலிக் கட்டத்துக்குத் திரும்பி, பின்வாங்கிய கட்டம் ஒன்றுக்குப் பத்து வாங்கிக்கொள்ளலாம். பந்தய முடிவுக் கட்டத்தில் முதலாவதாக நுழைபவர் பத்துக்கு மேல் கேரட் வைத்திருக்கக் கூடாது. அருமையான கணக்கு. ஆனால் முயல் கட்டத்தில் நின்றால் என்ன நடக்கும் என்பது ஜெர்மனில் இருக்கும், பாட்டிக்கு ஒவ்வொரு முறையும் கூட்டிச் சொல்ல வேண்டி வரும். சூட்கேஸில் மூன்றாவதற்கு இடம் வந்தால் இதுதான்.

ஸ்காட்லாந்து யார்டு இங்கே வாங்குவதற்கு. ஆடு புலி ஆட்டத்தில் 3 புலி, 15 ஆடு. இங்கே ஒரே ஒரு புலி, அதுவும் கண்ணுக்குத் தெரியாது. மிஸ்டர் எக்ஸ் லண்டனில் ஒளிந்து ஓடுவார், மற்றவர்கள் டாக்சி, பஸ், பாதாள ரயில் டிக்கெட்டோடு துரத்துவார்கள். 3, 8, 13, 18-ம் நகர்வுகளில் மட்டும் அவர் முகம் காட்டுவார். ஆறு பேரும் ஆடலாம். துரத்துபவர்கள் சேர்ந்து பேசி முடிவெடுப்பதால் விதி முழுக்கத் தெரியாதவரும் கூட இருக்கலாம். கொழுந்தனை எக்ஸ் ஆக்குங்கள்.

பழைய பெட்டி என்பதால் நாத்தனாரிடம் எண்ணிப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். ரம்மிகப்பில் 106 கட்டை, நான்கு ஸ்டாண்டு. கார்க்கசோனில் ஆரம்ப அட்டையோடு 72. பின்பக்க நிறம் வேறாக இருப்பது அது ஒன்றுதான். அட்டையில் கறையோ வளைவோ இருந்தால் வேண்டாம், கவிழ்த்து வைத்தாலும் எது எது என்று தெரிந்துவிடும். அடிப்பெட்டியைத் தட்டி மடக்கி, காய்களைத் துணிகளுக்கு நடுவே வைத்தால் இடம் பாதிதான் ஆகும்.

இங்கே வந்த பிறகு நம் ஈரக்காற்றுதான் எதிரி. இரண்டு பருவமழையும் பார்க்கும் மாவட்டம். மச்சில் போட்டால் அட்டை பூத்துவிடும். ஜிப் கவரில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு அலமாரியில் வையுங்கள். ரப்பர் தோட்டக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, அட்டைகளுக்கு ரப்பர் பேண்ட் போடாதீர்கள். வெயிலுக்கு உருகி ஒட்டிக்கொள்ளும். அப்புறம், கிறிஸ்துமஸ் சமயம் என்பதால் இது முக்கியம்: முந்திரிக்கொத்து சாப்பிட்ட கையோடு கார்க்கசோன் அட்டையைத் தொட விடாதீர்கள். ரம்மிகப் கட்டை என்றால் கழுவிக் காயப்போடலாம்.