எட்டு நாளுக்குப் பிறகும் தோமா அங்கேதான் இருந்தார்

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு கிராமம். வயது 38. கத்தோலிக்கக் குடும்பம், ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். போன மாங்காய் சீசனில் சேலத்துக்கு லோடு ஏற்றிப் போன என் தம்பியின் வண்டி தொப்பூர் கணவாயில் கவிழ்ந்துவிட்டது. 11 நாள் ஐசியூ. வீடே முழங்காலில் நின்று செபமாலை சொன்னோம். போய்விட்டான். அதிலிருந்து செபிக்க உட்கார்ந்தால் சுவரோடு பேசுவது போல இருக்கிறது. கடவுள் இருக்கிறாரா என்றே தோன்றுகிறது. பூசையில் ‘நம்புகிறேன்’ என்று சொல்லும்போது நாக்கு கூசுகிறது. அன்பியத்தில் (எங்கள் பங்கின் சிறு செபக்குழுவில்) ஒரு அக்காவிடம் சொன்னேன். “உன் விசுவாசத்தில் குறை இருந்திருக்கும், அதான் செபம் கேட்கப்படவில்லை” என்றார். 14 வயது மகன், “மாமாவுக்காக அவ்வளவு செபித்தோமே, ஏன்மா?” என்கிறான். இரவு 2 மணி வரை தூக்கமில்லை. வகுப்பை விட்டுவிடட்டுமா? பங்குச்சாமியிடம் சொல்லப் பயமாக இருக்கிறது.

பதில்: அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்த அக்கா சொன்னதைக் காதிலிருந்து எடுத்து வெளியே போடுங்கள். விவிலியத்தில் எல்லாவற்றையும் இழந்து துடித்த யோபுவின் நண்பர்களும் இதையேதான் சொன்னார்கள்: உன்னிடம்தான் ஏதோ குறை. வந்த புதிதில் 7 நாள் இரவும் பகலும் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதோடு எழுந்து போயிருந்தால் நல்ல பெயராவது மிஞ்சியிருக்கும். கடைசி அதிகாரத்தில் கடவுளின் கோபம், முகத்துக்கு நேராகக் கேள்வி கேட்ட யோபுமேல் இல்லை; கடவுளுக்காக வக்காலத்து வாங்கிய நண்பர்கள்மேல். உங்கள் அக்காவும் கெட்டவராக இருக்கமாட்டார். பயந்திருப்பார். உங்கள் தம்பியின் சாவுக்கு ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டால் தன் வீட்டுப் பக்கம் அது வராது என்று ஒரு நினைப்பு, அவ்வளவுதான்.

‘நம்புகிறேன்’ விஷயத்துக்கு வருகிறேன். 325ஆம் ஆண்டு நீசேயாவில் ஆயர்கள் கூடி எழுதிய விசுவாச அறிக்கை ‘நம்புகிறோம்’ என்றுதான் தொடங்கியது. பிறகு வழிபாட்டில்தான் அது ‘நம்புகிறேன்’ ஆனது. கைக்குழந்தையாக உங்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னது உங்கள் பெற்றோரும் ஞானத்தாயும். அதை யாரும் பொய் என்று சொல்லவில்லை. இப்போதும் கொஞ்ச நாள் பக்கத்தில் நிற்பவர்கள் சொல்லட்டும், நீங்கள் சும்மா நில்லுங்கள். என் அப்பா இறந்த பிறகு நானும் ஏறக்குறைய ஒரு வருடம் கடைசி வரிசையில் தூணோரமாக உட்கார்ந்து, பாட்டுக்குக்கூட வாய் திறக்காமல் வீட்டுக்கு வந்திருக்கிறேன். யாரும் கவனிக்கவில்லை. அது அப்போது வருத்தமாகவும் இருந்தது, சௌகரியமாகவும் இருந்தது.

இயேசுவின் சீடர் தோமாவைப் பற்றி நீங்கள் பிள்ளைகளுக்கு எத்தனையோ முறை பாடம் எடுத்திருப்பீர்கள். இன்னொரு முறை யோவான் 20ஆம் அதிகாரத்தை மெதுவாகப் படித்துப் பாருங்கள். உயிர்த்த இயேசு முதல் நாள் வந்தபோது கையையும் விலாவையும் காட்டியது மற்றவர்களுக்கு. அப்போது தோமா அங்கே இல்லை. அவர்கள் பார்த்ததைத் தானும் பார்க்கவேண்டும், தொட்டும் பார்க்கவேண்டும் என்றார். அந்த மற்றவர்கள் மட்டும் என்ன, கல்லறையிலிருந்து ஓடிவந்த பெண்கள் சொன்னதைப் பிதற்றல் என்று தள்ளியவர்கள்தானே! ஆனால் ‘சந்தேகத் தோமா’ என்று பட்டம் கட்டியது இவர் ஒருவருக்கு மட்டும்.

எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த வரி. எட்டு நாள் கழித்து சீடர்கள் உள்ளே கூடியிருக்கிறார்கள், தோமாவும் அவர்களோடு இருக்கிறார். நம்பவில்லை, ஆனாலும் அங்கே இருக்கிறார். நம்பாதவனுக்கு இங்கே என்ன வேலை என்று யாரும் அவரை வெளியே அனுப்பியதாகவும் இல்லை. நம் நாட்டுக்கு வந்து சென்னைப் பரங்கிமலையில் உயிர்விட்டதாக நம் பாரம்பரியம் சொல்வதும் இதே ஆளைத்தான்.

அன்னை தெரேசாவும் பல வருடம் இருட்டில் இருந்தார் என்று இதற்குள் யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். உண்மைதான். அவர் எழுதிய கடிதங்களே 2007இல் புத்தகமாக வந்தன. இருந்தாலும் எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்ததில்லை. அவர் எங்கே, நான் எங்கே! எனக்குக் கைகொடுத்தது 88ஆம் திருப்பாடல். மற்ற புலம்பல் பாடல்கள் பெரும்பாலும் கடைசியில் எப்படியாவது நன்றிக்கோ புகழ்ச்சிக்கோ திரும்பிவிடும். இது திரும்பாது. ‘ஏன் என்னைத் தள்ளிவிட்டீர், ஏன் முகத்தை மறைத்துக்கொண்டீர்’ என்று கேட்டுக்கேட்டு, இருட்டிலேயே முடிந்துவிடும். இதை யாரும் விவிலியத்திலிருந்து எடுத்துப் போடவில்லை. குருக்கள் அன்றாடம் சொல்லும் திருப்புகழ்மாலையில், வாராவாரம் வெள்ளிக்கிழமை இரவுச் செபத்தில் இதே பாடல்தான் வருகிறது. அதாவது, நீங்கள் எந்தச் சாமியிடம் சொல்லப் பயப்படுகிறீர்களோ, அவர் கையில் இருக்கும் செபப் புத்தகத்திலும் வெள்ளிக்கிழமை இரவுக்கு உங்கள் கடிதம் போன்ற ஒன்றுதான் இருக்கிறது. போய்ச் சொல்லுங்கள். பாவசங்கீர்த்தனமாக வேண்டாம், இது பாவம் இல்லை. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற பேச்சாகச் சொல்லுங்கள்.

வகுப்பை விடவேண்டாம். இரண்டு மாதம் விடுப்பு மட்டும் கேளுங்கள்.

தூக்கத்தைப் பற்றி நான் செபம் எதுவும் சொல்லப்போவதில்லை. மாதக்கணக்கில் இரவு 2 மணி வரை விழித்திருப்பது மருத்துவர் பார்க்கவேண்டிய விஷயம். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்கு முன்னால் ராத்திரியில் யாரிடமாவது பேசவேண்டும் போலிருந்தால் 14416க்கு அழைக்கலாம். அது டெலிமானஸ் என்ற அரசு சேவை. இலவசம், 24 மணி நேரமும் உண்டு.

அப்புறம், மகன். ‘கடவுளுக்குப் பிடித்தவர்களைச் சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்வார்’ என்று மட்டும் அவனிடம் சொல்லிவிடாதீர்கள். 14 வயசுப் பையன், அப்படியானால் பிடிக்காமலே இருந்துவிடலாமே என்று நினைப்பான். “எனக்கும் தெரியலடா, நானும் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்” என்று சொல்லுங்கள். ‘முடியுமானால் இந்தக் கிண்ணம் என்னைவிட்டு அகலட்டும்’ என்று கெத்சமனித் தோட்டத்தில் இயேசுவே கேட்டதும் அவருக்குக் கிடைக்கவில்லை என்பதை அவனோடு உட்கார்ந்து படியுங்கள். விளக்கம் ஒன்றும் சொல்லவேண்டாம். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள். மாமாவுக்கு மெழுகுவர்த்தியை அவன் ஏற்றட்டும். செபம் வராவிட்டால் பரவாயில்லை; மாமா லோடு இறக்கிவிட்டு வரும்போது என்ன வாங்கிக்கொண்டு வருவார் என்று அங்கேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள்.